கடமான்மேட்டுக்கு ஒன்றரை லிட்டர்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடனுக்கு மீசை முளைத்திருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. மலையடிவாரத்துச் சின்னவாடியில் எல்லாமே தலைகீழ். அங்கே பைக் பட்டறை வைத்திருக்கும் சுகந்திக்கு வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்க வந்த குணசீலனுக்கு நாற்பத்தேழு. அவன் அவளை மாஸ்டர் என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

சுகந்தி கோயமுத்தூரில் ரேஸ் வண்டிகளின் என்ஜின் பிரித்துப் பழகியவள். குணசீலன் லாரி ஓட்டியவன். முதுகு போய், இனி ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்பானர் பிடித்தான். லாரிக் காலத்தில் முதலாளிமார் அவனுடைய நாணயத்தை மீட்டரை வைத்துத்தான் பார்த்தார்கள். ஓடிய தூரமும் குடித்த டீசலும் ஒத்துப் போனால் நல்லவன், ஒத்துப் போகாவிட்டால் டீசல் திருடன். குணசீலனுக்கு ஒரு தடவைகூட அந்தப் பெயர் வந்ததில்லை. ஆகவே உலகத்தில் யார் பொய் சொன்னாலும் மீட்டர் பொய் சொல்லாது என்று நம்பினான். சாமியைக்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிக்கப் வேண்டும், சத்தம் வேண்டும், வண்டி சீற வேண்டும் என்று யாராவது வந்து நிற்பார்கள். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். பிறகு ஒரு கேள்வி கேட்பாள்.

"செஞ்சறலாமுங்க. இதுக்கு எதை விடப் போறீங்க?"

மைலேஜை விடுகிறேன் என்பார் சிலர். என்ஜின் சீக்கிரம் போனாலும் பரவாயில்லை என்பார் சிலர். ஒருத்தன் நிச்சயம் பண்ணின பெண்ணை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே போனவன், திரும்ப வரவேயில்லை. பதில் சொல்லாதவரின் வண்டியை அவள் தொட மாட்டாள்.

குணசீலனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவே பிடிக்காது. வருகிறவன் பல்சரை நிறுத்திவிட்டு வேலை சொல்கிறான். அவனை உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கினால் கடை உருப்படுமா என்று நினைப்பான். நினைத்ததோடு சரி, கேட்டதில்லை.

தன் சொந்த வண்டியில்தான் அவன் முதலில் கை வைத்தான். ஏர் ஃபில்டரைத் திறந்து விட்டான். சைலன்சரின் வயிற்றை அறுத்து அடைப்பை எடுத்தான். என்ஜினை ஒட்டி, செயின் ஓடுகிற முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, இரண்டு பல் குறைந்த சின்ன ஸ்பிராக்கெட்டை மாட்டினான். வண்டி ஆளை உதறிவிட்டு ஓடப் பார்த்தது. மலைப்பாதையில் முதல் கியருக்கு இறங்கிய வளைவுகளையெல்லாம் இப்போது இரண்டாவது கியரிலேயே விழுங்கியது.

மைலேஜ் விழும் என்று அவனே எதிர்பார்த்தான். மச்சானைப் பின்னால் உட்கார வைத்து, மலை ஏறி ஏறிப் பார்த்தான். ஏற்றத்தில் முன்பு லிட்டருக்கு முப்பது கொடுத்த வண்டி இப்போதும் முப்பதே கொடுத்தது. நம்ப முடியாமல் திரும்பவும் ஏறினான். அதே முப்பது. குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தான்.

"மாஸ்டர், பிக்கப் எகிறிருச்சுங்க. மைலேஜ் ஒரு சொட்டு எறங்கல."

சுகந்தி ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதை விட்டீங்ணா?"

"எதையும் விடலைங்க மாஸ்டர்."

"யாரு சொன்னா?"

"மீட்டரு சொல்லுதுங்க."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தது.

"அப்பச் சரி," என்றாள்.

இந்த "அப்பச் சரி"யை குணசீலன் பட்டம் வாங்கின மாதிரி எடுத்துக்கொண்டான். மாஸ்டருக்கே வராத வித்தை தன் கைக்கு வந்துவிட்டது என்று அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம். நாற்பத்தேழு வயதில், முதுகு போனவனுக்கு, அந்தக் கர்வம் எத்தனை ருசியாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைக்கு மேலே கடமான்மேட்டில் ஒரு கடை பிடித்தான். பெயிண்டரைக் கூட்டிப் போய்ப் பலகையும் எழுதியாயிற்று. "பிக்கப்பும் உண்டு, மைலேஜும் உண்டு." வெள்ளிக்கிழமை காலையில் திறப்பு.

திறப்புக்கு முன்னாலேயே ஒரு வண்டி செய்து கொடுத்தான். மாஸ்டரிடம் சொல்லாமல் செய்தான்.

மாஸ்டர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அது. கடமான்மேட்டு நர்ஸ் திலகவதி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பது வயதுக்காரர். ஸ்கூட்டர் அந்த ஏற்றத்தில் திணறுகிறது என்று பைக்குக்கு மாறியவர். மலையில் எந்தக் குடிசையில் இடுப்பு வலி என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாரா வாரம் கீழே வந்து, வியாழக்கிழமை சாயங்காலம் அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியுமாகத் திரும்ப ஏறுவார்.

"பெட்டியும் மூட்டையும் வச்சு ஏறுனா வளைவுல நின்னு நின்னு போகுது தம்பி. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

அவனுடைய வண்டியும் அதே மாடல். எதை விடப் போறீங்க என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. விடுவதற்கு ஒன்றுமில்லை என்றுதானே அவன் கண்டுபிடித்திருக்கிறான். ஃபில்டர், சைலன்சர், ஸ்பிராக்கெட் மூன்றையும் செய்து கொடுத்தான். காசும் வாங்கவில்லை.

கிளம்பும்போது நர்ஸம்மா கேட்டார்.

"பெட்ரோல் கூடப் போடணுமா தம்பி?"

"எப்பவும் போடறதே போதுங்கக்கா. ஒரு சொட்டு கூட வேண்டாம்."

இந்தக் கேள்வியை மலைக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். கடமான்மேட்டில் இரவு வண்டியை நிறுத்தினால் காலையில் டேங்கில் ஒன்றும் இருக்காது. ட்யூபைப் போட்டு உருவி விடுவார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அதனால் கீழேயிருந்து ஏறுகிறவர்கள் ஏறும் அளவுக்கு மட்டும் அளந்து போட்டுக்கொள்வார்கள். இறங்குவதற்கு மேலே பங்க்கில் ஒரு கையளவு. அதுதான் அந்த மலையின் கணக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் சுகந்தி வெளியே போய்விட்டு வந்தாள். வந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கூட்டமா இருக்கும். இன்னைக்கே உங்க கடையைப் பாத்துட்டு வந்தர்றேன். உங்க வண்டியிலயே போலாங்ணா."

குணசீலனுக்குப் புல்லரித்தது. மாஸ்டர் ஒரு சீடனின் பின் சீட்டில் ஏறி அவன் பார்த்ததில்லை.

சுகந்தி அவனுடைய வண்டியின் டேங்கிலிருந்து பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்து எடுத்தாள். பிறகு அளவுக் குவளையுடன் நின்றாள்.

"எவ்வளவு ஊத்தட்டும்?"

"எதுக்குங்க மாஸ்டர் இதெல்லாம்?"

"உங்க கணக்கைச் சொல்லுங்ணா. உங்க கடைக்கு ரோட்டுக் கல்லுக் கணக்குல நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"முப்பது குடுக்குதுங்க. ஒன்றரை லிட்டர். ரெண்டு பேரு ஏறிப் பாத்துட்டேன்."

"கூட ஒரு கையளவு?"

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை சொல்லியும் நம்பவில்லையா?

"வேண்டாமுங்க. ஒன்றரை."

அவள் ஒன்றரை லிட்டர் ஊற்றினாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

செக்போஸ்ட்டில் கட்டையைத் தூக்கியவர், நீங்கதான் கடைசி, இனி யாரையும் விட மாட்டேன் என்றார். சாயங்காலமானால் அந்தப் பாதையில் யானை இறங்கும். நர்ஸம்மாவுக்கு மட்டும்தான் எந்நேரமும் கட்டை தூக்குவார்கள்.

வண்டி நன்றாகத்தான் ஏறியது. குணசீலன் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கினான். பின்னால் மாஸ்டர் இருக்கிறாளே. போன் சிக்னல் போய்விட்டது. இரண்டு பக்கமும் மூங்கில் நெருங்கி வந்தது. வெயில் மரத்து உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது.

திடீரென்று வண்டி இருமியது.

அவன் ஆக்ஸிலேட்டரைத் திருகினான். இன்னொரு முறை இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

குணசீலன் உதைத்தான். பட்டனை அழுத்தினான். வண்டியைச் சாய்த்து ஆட்டினான். டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தான். உள்ளே ஒன்றுமில்லை. டேங்கில் ஓட்டையோ, பெட்ரோல் குழாய் பிடுங்கிக்கொண்டதோ என்று மண்டி போட்டுத் தேடினான். எங்கும் ஈரமில்லை.

"மாஸ்டர், பெட்ரோல் இல்லைங்க."

"ம்."

"எப்படிங்க? ஒன்றரை லிட்டர் ஊத்துனமே."

"மீட்டரைப் பாருங்க."

பார்த்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

"இப்ப அந்தக் கல்லைப் பாருங்க."

பாதையோரத்தில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல். "கடமான்மேடு 6" என்று போட்டிருந்தது.

அவன் மீட்டரைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். திரும்ப மீட்டரைப் பார்த்தான். கல்லைத்தான் யாரோ இடம் மாற்றி நட்டுவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அதன் அடிப்பாகத்தில் படிந்திருந்த பாசியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"உங்க மீட்டரு கடமான்மேட்டுக்குப் போய்ச் சேந்துருச்சுங்ணா. நாமதான் இன்னும் போகல," என்றாள் சுகந்தி.

"மீட்டரு எப்படிங்க தப்பாகும்?"

"மீட்டருல இருந்து எறங்கற ஒயரு எங்க போகுதுன்னு பாருங்க."

ஒயரைத் தொட்டுக்கொண்டே போனான். சக்கரத்துக்குப் போகும் என்று நினைத்தான். போகவில்லை. இறங்கி, வளைந்து, என்ஜின் பக்கத்து மூடிக்குள் நுழைந்தது. அவன் கையாலேயே கழற்றி மாட்டிய மூடி. அதன் உள்ளே அவன் கையாலேயே மாட்டிய சின்ன ஸ்பிராக்கெட். அன்றைக்கு அந்த ஒயரில் படிந்திருந்த கிரீஸை அவன்தான் துணியால் துடைத்துச் சுத்தமாக்கினான். அது அங்கே எதற்கு வருகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"இந்த மாடல்ல மீட்டரு சக்கரத்தை எண்ணறதில்லீங்ணா. ஸ்பிராக்கெட்டு சுத்தறதைத்தான் எண்ணுது. நீங்க சின்னதாக்குனீங்க, அதே தூரத்துக்கு அது அதிகமாச் சுத்துது. சுத்துனதையெல்லாம் தூரம்னு காட்டிட்டு இருக்குது."

குணசீலன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். முப்பது இல்லை. முப்பது என்றைக்குமே கொடுக்கவில்லை. மச்சானைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறி ஏறிப் பார்த்தானே, அத்தனை தடவையும் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு, மீட்டரை மட்டுமே பார்த்திருக்கிறான். பாதையோரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நின்றிருந்தது. ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது வருஷம் தன்னை நல்லவன் என்று சொன்ன மீட்டர் இப்படிச் செய்யும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அவனுக்கு அழுகை வந்தது. அழவும் செய்தான்.

பத்தடி தள்ளி, பாதை நடுவில் யானை லத்தி கிடந்தது. இன்னும் ஆவி அடங்கவில்லை. அப்போதுதான் அதைக் கண்டான்.

"மாஸ்டர்," என்றான் மெல்ல. "இது பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஏறுனீங்களா? ஆனை வர்ற ரோடுங்க இது."

"ஆமாங்."

"ஏனுங்க, பட்டறையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"யாரு சொன்னான்னு கேட்டேனில்லீங்ணா. மீட்டருன்னீங்க. அதுக்கு மேல நான் யாரு சொல்றதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனுக்கு ஒரு ஆறுதல் தட்டுப்பட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"நல்லவேளைங்க மாஸ்டர். நம்ம ரெண்டு பேரோட போச்சு. நாளைக்குக் கடையைத் திறந்து, பத்துப் பேருக்குச் செஞ்சு குடுத்த பொறவு தெரிஞ்சிருந்தா என்ன ஆகிறது? பலகையை அழிச்சர்றேன். இதோட விட்டுருச்சு."

சுகந்தி துணிப்பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். உள்ளே பெட்ரோல்.

குணசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கொண்டாந்திருக்கீங்களா! குடுங்க மாஸ்டர், ஊத்திட்டுக் கெளம்பலாம். இருட்டிருச்சுன்னா வம்பு."

கையை நீட்டினான். அவள் பாட்டிலின் மேல் கை வைத்தாள்.

"இது நமக்கில்லீங்ணா."

"நமக்கில்லையா? பின்ன யாருக்குங்க?"

"இன்னைக்கு என்ன கெழமை?"

"வியாழன்," என்றான். சொன்ன வாய் மூடவில்லை.

மாஸ்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. காசு வாங்காமல் செய்த வேலை. ஒரு சொட்டு கூட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று நிமிர்ந்து பார்த்தான்.

"மத்தியானம் பங்க்ல பாத்தேன்," என்றாள் சுகந்தி. "சைலன்சர் சத்தத்துலயே உங்க வேலைன்னு தெரிஞ்சுது. ஒரு லிட்டர் சேத்துப் போட்டுக்குங்கன்னு சொன்னேன். கையைப் புடிச்சுச் சொன்னேன்."

"போட்டாங்களா?"

"குணசீலன் தம்பி எப்பவும் போடறதே போதும்னு சொல்லிருச்சு, அது சொன்னாச் சரியா இருக்கும்னாங்க."

அவன் கல்லின் மேலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"மேல பாறைக்குடியில ஒரு பொண்ணுக்கு வலி கண்டிருச்சாம். ஆஸ்பத்திரியில மருந்து வாங்குனதும் ஏறணும், நிக்க நேரமில்லைன்னு மூட்டையைக் கட்டிட்டு இருந்தாங்க."

"அவங்க மூட்டையோட வருவாங்க மாஸ்டர். நாம வந்த தூரங்கூட வராம, கீழயே எங்கயாச்சும்..."

கீழே, வளைவுகளுக்கு அப்பால், ஒரு சத்தம் கேட்டது. வயிறு அறுத்த சைலன்சரின் சத்தம். அவனுக்கு அடையாளம் சொல்ல வேறு யாரும் தேவைப்படவில்லை. ஒரு வளைவு ஏறியது. கியர் மாறியது. இன்னொரு வளைவு. பஞ்சு மாதிரி லேசாகத்தான் ஏறி வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வந்துவிடு, இந்த வளைவு வரைக்குமாவது வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

சத்தம் இருமியது.

இன்னொரு முறை இருமியது. பிறகு நின்றது. ஒரு கிக்கர் திரும்பத் திரும்ப உதைபடுவது மட்டும் காட்டுக்குள் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை.

சுகந்தி பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எறங்கிப் போங்க. எவ்வளவு ஊத்துனாப் போதும்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும்."